பழைய ஜீப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

"ஜீப்புல என்னங்க இருக்கு? பானட்டைத் தூக்கினா எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது." பழைய மஹிந்திரா வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இந்த வசனம் வந்துவிடும். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு செட் ஸ்பானரும் ஒரு ஜாக்கியும் இருந்தால் ஒர்க்‌ஷாப் பக்கமே போக வேண்டாம் என்பது அடுத்த வசனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி வீட்டு வாசலில் வண்டியைப் பிரித்துப்போட்டு, பின்பு கயிறு கட்டி இழுத்துப்போனவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வசனத்தில் எது தேறும், எது தேறாது என்று பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் எந்த ஜீப் என்று கேட்க வேண்டும். 1947இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. சி.ஜே. 3பி மாடலில் இருந்தது ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின். உள்ளிழுக்கும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை வெளியேற்றும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும் விநோத அமைப்பு அது. எண்பதுகளின் நடுவில் வந்த எம்.எம். 540இல் பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 டீசல், 2112 சி.சி. அதற்குப் பிறகு 2523 சி.சி. டி.ஐ. இன்ஜின். ஆக, எல்லோரும் 'மஹிந்திரா ஜீப்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. அதிலும் முப்பது வயதான வண்டி என்றால் கம்பெனி செய்தது பாதி, கைமாறிய உரிமையாளர்கள் செய்தது மீதி. ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்றிருக்கும், பானட்டுக்குள் டீசல் உட்கார்ந்திருக்கும். (இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்பது வேறு கதை.) முன் ஆக்ஸில் ஒரு வண்டியிலிருந்தும் பின் ஆக்ஸில் இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். எளிமையான வண்டி என்ற வாதம் இங்கேயே பாதி ஆட்டம் காண்கிறது. கம்பெனி மேனுவல் சொல்லும் அளவு உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆனால் இதே காரணம்தான் வீட்டுப் பராமரிப்புக்கு மிக வலுவான ஆதரவும். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க எந்த ஒர்க்‌ஷாப்பும் ஒரு முழுநாள் செலவழிக்காது, உரிமையாளர் செலவழிக்கலாம். ஒரு உதாரணம். ஃபோர்வீலில் போட்டால் வண்டி தடவித் தடவி நகர்கிறது, லீவர் திரும்ப வர மறுக்கிறது என்று ஒரு புகார் அடிக்கடி வரும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர்வீல் போட்டால் எல்லாப் பழைய ஜீப்பும் இப்படித்தான் செய்யும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃப்ரன்ஷியல் இல்லாததால், வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓடப் பார்க்கும். அந்த முறுக்கு போக வழியில்லாமல் ஷாஃப்டிலேயே தங்கிவிடும். சேற்றிலும் மணலிலும்கூட அதே தடுமாற்றம் என்றால் முன், பின் கிரவுன் பினியன் விகிதம் வேறு வேறாக இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கக் கிரவுனைப் பிரிக்க வேண்டியதே இல்லை. மற்ற வீல்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின் வீல் ஒன்றை மட்டும் தூக்கி, கியர்களை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, தூக்கிய வீலைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று ஓடுகிறதோ அதுதான் விகிதம். சாக்பீஸால் ஷாஃப்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 4.88, ஐந்தரையை நெருங்கினால் 5.38, இரண்டும் ஜீப் ஆக்ஸில்களில் வருபவைதான். முன்பக்கம் ஹப்பைப் பூட்டிக்கொண்டு இதையே செய்யலாம். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த வண்டியில் ஃபோர்வீல் லீவர் வெறும் அலங்காரம்.

அடுத்தது செலவு. வீட்டில் செய்தால் மிச்சம் என்ற வாதத்தை நான் பெரிதாக மதிக்கவில்லை. நம் ஊரில் வேலைக் கூலி இன்னும் குறைவுதான். ஒரு கிளட்ச் பிளேட் மாற்ற மெக்கானிக் வாங்கும் கூலியோடு, கியர்பாக்ஸை இறக்கத் தேவையான ஜாக்கி, ஸ்டாண்ட், நல்ல ஸ்பானர் செட் ஆகியவற்றின் விலையை வைத்துப் பாருங்கள். பல வருடம் கழித்துத்தான் கணக்கு நேராகும். காசு உண்மையில் வீணாவது தவறான ஊகத்தில் வாங்கும் பாகங்களில். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்று. அப்புறமும் எடுக்கவில்லையா, செல்ஃப் மோட்டாரை மாற்று. கடைசியில் யாரோ வந்து எர்த் ஒயரைத் தேய்த்துக் கட்டியதும் வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். பழைய வண்டிகளின் பில்களில் பாதி இப்படிச் சேர்ந்தவை.

அந்த எர்த் ஒயரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஜீப்பின் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் சேஸியோடு அதற்கு மின்தொடர்பு இல்லை. பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான் பாலம். அந்தப் பட்டை பச்சை பூத்து இற்றுப்போனால், செல்ஃப் இழுக்கும் அத்தனை கரண்டும் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் அகப்பட்டால் அது வழியாகவே பாயும். செல்ஃப் அடித்ததும் கேபிள் சுடுகிறது, சில சமயம் புகைகிறது என்றால் காரணம் இதுதான். கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் (கிளாம்பில் அல்ல, முளையிலேயே) மற்றதை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியைத் தனியாகச் சோதிக்க, இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்கிறதா, இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். சிலநூறு ரூபாய் மீட்டர், பல ஆயிரம் ரூபாய் ஊகத்தை மிச்சப்படுத்துகிறது. செலவு வாதத்தில் நான் ஏற்றுக்கொள்ளும் பகுதி இவ்வளவுதான்.

பழுது நேரம் பார்த்து வருவது என்பது வீட்டுப் பராமரிப்பின் பக்கம் இன்னொரு பெரிய புள்ளி. பெஜோ டீசல், முன்னறையில் எரியத் தொடங்கும் வகை. குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் எடுக்காது. நாலில் ஒரு பிளக் செத்திருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையும் உதறலும் கொஞ்ச நேரம் இருக்கும், சூடேறியதும் மறைந்துவிடும். ஊட்டியில் மார்கழிக் காலையில் உயிரை வாங்கும் இந்தப் பழுது, மதுரையில் சித்திரை வெயிலில் இருப்பதே தெரியாது. மதியம் இரண்டு மணிக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் சூடாக நிற்கும் வண்டியில் மெக்கானிக் என்ன பார்ப்பார்? பாவம், அவர் நல்லாத்தானே ஓடுது என்பார். அது பொய்யும் அல்ல. காலை ஆறு மணிக்கு இன்ஜின் சில்லிட்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பது உரிமையாளர் ஒருவர்தான்.

ஏர் லாக் விஷயமும் அப்படியே. ஸ்டார்ட் ஆகி ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது, பிரைமர் பம்பை அடித்தால் மறுபடி எடுக்கிறது என்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று நுழைகிறது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே ஒழுகாது. தரையில் சொட்டைத் தேடிப் பயனில்லை. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஓஸை மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும். பிறகு அதை டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பொறுமை மட்டுமே கேட்கும் வேலை. மணிக்கணக்கில் கூலி வாங்கும் கடையில் பொறுமை கிடைக்காது. ஒரே எச்சரிக்கை: ஆராய்வது உறிஞ்சும் பக்கத்தை மட்டுமாக இருக்கட்டும். இன்ஜெக்டர் பைப்பில் கசிவு பார்க்கக் கையை நீட்டவே கூடாது, அட்டையை நீட்ட வேண்டும். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

பழைய ஜீப் வைத்திருப்போரை மிகவும் பயமுறுத்துவது ஸ்டீயரிங் உதறல். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முன் வீல் ஒரு பள்ளத்தில் விழுகிறது. ஸ்டீயரிங் கையைப் பிய்த்துக்கொண்டு இடமும் வலமும் ஆடத் தொடங்குகிறது. வண்டி ஏறக்குறைய நிற்கும்வரை ஓய்வதில்லை. கடைகளில் இதற்குக் கிடைக்கும் வழக்கமான மருந்து ஒரு ஸ்டீயரிங் டேம்பர். என் கணிப்பில் ஜீப்புக்குச் செய்யப்படும் மோசமான வைத்தியம் இதுதான். ஆட்டம் அடங்கியதுபோல இருக்கும். தேய்ந்த இடம் தேய்ந்துகொண்டே இருக்கும்.

வீட்டில் இதைப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். வண்டி நாலு காலிலும் நிற்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்துக்கொண்டு ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையத் தாமதிக்கும் மூட்டுதான் குற்றவாளி. பழைய மாடல்களில் நடுவே இருக்கும் பெல்கிராங்க் பெரும்பாலும் இங்கே மாட்டும். அடுத்து முன் வீலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருக்கிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி உலுக்குங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் கிங்பின். இந்த ஒரு சோதனைக்காகவே பழைய ஜீப் வாங்கப் போகிறவர் ஒரு ஜாக்கியைக் கையோடு எடுத்துப்போகலாம். கிங்பின் பேரிங் என்றாலும் கலங்க வேண்டியதில்லை. டை ராடையும் நக்கிள் சீலையும் கழற்றிவிட்டு, நக்கிள் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, திருப்ப எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்து, மேனுவல் சொல்லும் அளவு வரும்வரை மெல்லிய தகட்டு ஷிம்களை எடுத்தோ சேர்த்தோ சரிசெய்யும் வேலை. மெதுவான, அழுக்கான வேலை. ஆனால் அளந்து செய்யலாம், தப்பினால் திரும்பச் செய்யலாம்.

திரும்பச் செய்ய முடியுமா என்பதைத்தான் நான் அளவுகோலாக வைக்கிறேன். தவறு உடனே தெரிந்து, கழற்றி மறுபடி பூட்டினால் சரியாகும் வேலை வீட்டுக்கு ஏற்றது. தவறு இருப்பதே பல மாதம் கழித்துத் தெரிந்து, அதற்குள் பாகத்தையே தின்றுவிடும் வேலை வீட்டுக்கு ஆகாது. கிரவுன் பினியன் இந்த இரண்டாம் ரகம். பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், பற்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, பேரிங்குக்கு எவ்வளவு இறுக்கம் என்று மூன்று அளவுகள் ஒன்றையொன்று இழுக்கும். டயல் கேஜும் பற்களில் தடம் பார்க்கும் மையும் இல்லாமல் பூட்டினால் அன்றைக்கு வண்டி அருமையாகவே ஓடும். பிறகு ஒரு நாள் ஊளை கேட்கும். அப்போது நம்மூர் வைத்தியம் ஒன்று உண்டு: 90 ஆயிலை வடித்துவிட்டு 140 ஊற்றுவது. சத்தம் குறையும், தேய்மானம் நிற்காது.

ட்ரான்ஸ்பர் கேஸையும் இதே பெட்டியில்தான் போடுவேன். நடு ஷாஃப்ட் உட்காரும் துளையே தேய்ந்துபோன கேஸ்கள் பழைய ஜீப்புகளில் சகஜம். புது பேரிங் போட்டு என்ன பயன், லேத்தில் துளைக்குப் புஷ் அடிக்காமல் ஆயில் ஒழுகுவது நிற்காது. டீசல் பம்ப், நாஸில் இரண்டும் அளவுபார்க்கும் மேசை உள்ள பம்ப் கடைக்கே போக வேண்டும். பம்பின் ஸ்க்ரூவைத் திருகி 'பிக்கப்' ஏற்றுவது கரும்புகையை ஏற்றுவதோடு முடியும்.

ஆயில் விஷயத்தில் வீட்டில் செய்பவர் கடையை எளிதாக ஜெயிக்கலாம். பித்தளை சின்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 4 வகை, டிஃப்ரன்ஷியலுக்கு ஜி.எல். 5 என்று பார்த்து ஊற்ற நமக்கு நேரம் இருக்கிறது. கடையில் ஒரே டிரம்மிலிருந்துதான் இரண்டுக்கும் ஊற்றுவார்கள். ஓடையைக் கடந்து வந்த மறுநாள் ஆக்ஸிலின் வடிகால் பிளக்கைத் தளர்த்தி ஒரு சொட்டு பார்ப்பதும் அப்படித்தான். சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மேலே உள்ள ப்ரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் டீக்கடைப் பால் டீ நிறத்தில் வந்தால் உடனே மாற்ற வேண்டும். ஆயில் சீல் வருடத்துக்கு ஒருமுறை போகிறது என்று புலம்புபவர்கள் பலர் அந்த ப்ரீதரை ஒருநாளும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு நியாயமான எதிர்வாதமும் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் நாள்தோறும் லோ கியரில் பாறை மேல் உருள்பவை. போடி, மூணாறு வட்டாரத்தில் ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பார்க்கும் மெக்கானிக்குகள் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது வீட்டில் மீட்டரோடு மல்லுக்கட்டுவது எதற்கு? ஒத்துக்கொள்கிறேன், அந்த ஊர்களில் இந்தக் கட்டுரைக்குப் பாதி வேலை இல்லை. சென்னையிலோ திருச்சியிலோ நிலைமை வேறு. புதுப்பேட்டையில் பாகம் கிடைக்கும். அதை அடையாளம் கண்டு பூட்டும் கை அருகிவருகிறது. பாகமும் பல நேரம் டூப்ளிகேட். ரப்பர் சீலும் புஷ்ஷும் வாங்குகிறவர் வெர்னியரோடு போவது உத்தமம்.

இன்னொன்று வீட்டுக்கே உரிய ஆபத்து. வில்லிஸ் வழிவந்த பல ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் வீலைப் பிடிப்பதில்லை, ட்ரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் வீல் ஒன்றைத் தரையை விட்டுத் தூக்கியதும் டிஃப்ரன்ஷியல் தன் வேலையைக் காட்டும். தூக்கிய வீல் எதிர்ப்பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் வீல் தாராளமாக உருளும். ஹேண்ட்பிரேக் இறுக்கியபடியே இருக்க, வண்டி ஜாக்கியை விட்டு நகரும். கார் ஓட்டிப் பழகியவர் இதை எதிர்பார்க்கவே மாட்டார். வாசலில் லேசான சரிவு இருந்தாலும் அந்த வீட்டில் ஜீப்புக்கு அடியில் படுக்கக் கூடாது. சமதளமான சிமென்ட் தரை, நாலு மரக்கட்டை, இரண்டு ஸ்டாண்ட் இல்லாத இடத்தில் பானட்டுக்கு மேலே செய்யும் வேலை மட்டும் போதும். வில்லிஸ் காலத்து வண்டியென்றால் இடப்பக்க வீல் நட்டுகள் இடமரை என்பதையும் பஞ்சர் கடைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முறிந்த ஸ்டட்டுகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில் முறிந்தவை.

ஆகவே என் தீர்ப்பு இது. பழைய ஜீப்பை வீட்டில் வைத்துப் பழுது கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கவே வேண்டும், அதை உங்களைவிடச் சரியாகச் செய்ய ஆள் கிடைப்பது அரிது. ஆயில், கிரீஸ், ஃபில்டர், மின்சாரம், டீசல் லைன், ஸ்டீயரிங் மூட்டுகள், கிங்பின், வீல் பேரிங் வரை உங்கள் எல்லை. பெட்டிக்குள் பல்லோடு பல் உரசும் எதுவும், மேசையில் வைத்து அளவுபார்க்க வேண்டிய எதுவும் கடைக்கு. அப்போதும் "வண்டி சரியில்லை" என்று சொல்லி விட்டுவராமல், என்ன சோதித்தீர்கள், என்ன எண் வந்தது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தினப் பிழைப்புக்கு அந்த ஒரு ஜீப்பையே நம்பியிருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. பிரித்த வண்டி ஒரு வாரம் வாசலில் நின்றால் தாங்காதவர், முதல் நாளே மெக்கானிக்கிடம் போவதுதான் சரி.

பிரேக் இந்த அளவுகோலுக்குள் அடங்காத விதிவிலக்கு. டிரம்மைக் கழற்றுவதும், லைனிங் மாற்றுவதும், வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிய வேலைகள். தவறு உடனே தெரியும். ஆனால் தெரியும் இடம் மலைச்சரிவாக இருந்தால் திரும்பச் செய்ய வாய்ப்பு இருக்காது. பழைய மாடல்களில் நாலு வீலுக்கும் ஒரே லைன். ஒரு சிலிண்டர் ஒழுகினாலும் பெடல் தரையில் போய் உட்காரும். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு 140லேயே கொதிக்கலாம். கொதித்தால் லைனில் ஆவி, பெடலில் பஞ்சு. ஆகவே பிரேக்கை வீட்டில் செய்யலாம், ஆனால் செய்தவர் அல்லாத இன்னொருவர் ஒவ்வொரு யூனியனையும் பார்த்த பிறகு, சமதளத்தில் ஓட்டிப்பார்த்த பிறகுதான் மலைக்கு எடுக்க வேண்டும். கடைசியாகப் பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல ஆளில்லாத ஒற்றை லைன் ஜீப், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், ஆயிலை முழுக்க மாற்றாமல் கல்லட்டி இறக்கத்தில் இறங்கக் கூடாது.